நிவாரணப் பட்டியலில் விடுபட்டவர்களைப் பற்றி எழுதிய கலெக்டர்

2024 டிசம்பர் முதல் வாரத்தில் திருவண்ணாமலையின் பெயர் நாடு முழுக்க அடிபட்டது. ஃபெஞ்சல் புயல் கரை கடந்த மறுநாள், டிசம்பர் 1 மாலை, வ.உ.சி. நகரில் அண்ணாமலையார் மலையிலிருந்து பாறையும் மண்ணும் சரிந்து ஒரு வீட்டை மூடியது. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் பிள்ளைகள். பேரிடர் மீட்புப் படை வந்தது, ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் வந்து மண்ணைப் பார்த்தார்கள், தொலைக்காட்சிகள் இரவு பகலாக நின்றன. நிற்க வேண்டிய இடம்தான் அது.

அதே இரவில் தண்டராம்பட்டு பக்கம் நடந்தது அந்த அளவுக்கு வெளியே வரவில்லை. சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 அதிகாலை விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கியது. ஆள் தூங்கும் நேரம். அகரம்பள்ளிப்பட்டையும் தொண்டமானூரையும் இணைக்க சுமார் 16 கோடி ரூபாயில் கட்டி, மூன்று மாதங்களுக்கு முன்புதான் திறந்த உயர்மட்டப் பாலம் அடித்துக்கொண்டு போனது. பாலத்தை நம்பியிருந்த கிராமங்கள் மறுபடி சுற்றுவழிக்குத் திரும்பின.

டிசம்பர் 3-ல் அரசு நிவாரணம் அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 5 லட்சம், சேதமான குடிசைக்கு 10,000, நீர்ப்பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000, மானாவாரிக்கு 8,500, பசு எருமைக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் என்பது விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களுக்கு. நம் மாவட்டம் அந்த வரியில் இல்லை.

இந்தப் பட்டியலை ஒரு காலனி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். நிலம் இருந்தால் பயிருக்கு வரும். மாடு இருந்தால் மாட்டுக்கு வரும். நிலமும் மாடும் இல்லாமல், அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவருக்கு என்ன வரும்? வயல் மூழ்கியதால் அவருக்கு ஒரு போகத்தின் கூலியே போனது. அதற்குப் பட்டியலில் பத்தி கிடையாது. இந்த ஓட்டையை 1891-லேயே ஒரு வெள்ளைக்கார கலெக்டர் பார்த்துவிட்டார். பார்த்ததை எழுதி மேலே அனுப்பினார். இந்த வாரம் அவரைப் பற்றி.

ஜேம்ஸ் ஹென்றி ஆப்பர்லி திரமென்ஹீர். வாயில் நுழையாத பெயர்தான். ஆனாலும் பஞ்சமி நிலத்துக்காக மனு எழுதியவர் எவருக்கும் இந்தப் பெயர் புதிதல்ல. துண்டறிக்கைகளில் வருகிறது, கூட்ட மேடைகளில் வருகிறது, சுவரொட்டியில் அம்பேத்கர், அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன் படங்களுக்கு ஓரமாகக்கூட வருகிறது. 1853-ல் பிறந்தவர், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வால் பகுதியின் குடும்பப்பெயர் கொண்டவர். அதே குடும்பப்பெயர் கொண்ட ஹியூ சீமோர் திரமென்ஹீர், அந்த நாட்டுச் சுரங்கங்களையும் பள்ளிகளையும் ஆய்வு செய்து அறிக்கை எழுதிய அதிகாரி. நம்மவர் ஐ.சி.எஸ். தேறி சென்னை மாகாணத்துக்கு வந்தார். வந்த மாகாணம் ஒரு பெரும் சாவைக் கண்ட மாகாணம். அவர் பின்னாளில் எழுதியதைப் புரிந்துகொள்ள அந்தச் சாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

1876-ல் பருவமழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிகள் சொல்வார்களே, அது இதுதான். இன்றைய நம் மாவட்டம் அன்று ஒரே மாவட்டமாக இல்லை. திருவண்ணாமலையும் செங்கமும் தென்னார்க்காட்டில் இருந்தன. ஆரணி, போளூர், வந்தவாசி, செய்யாறு பக்கமெல்லாம் வடஆர்க்காடு. மேற்கே மலைக்கு அப்பால் சேலம் மாவட்டம். பஞ்சத்துக்கு மாவட்ட எல்லை தெரியாது. 1871 கணக்கெடுப்பில் சேலம் மாவட்ட மக்கள்தொகை சுமார் 19.6 லட்சம். 1881-ல் சுமார் 16 லட்சம். பத்து ஆண்டில் ஏற வேண்டிய எண் மூன்றரை லட்சத்துக்கும் மேல் இறங்கியது. சென்னை மாகாணம் முழுதும் செத்தவர்கள் முப்பது லட்சத்தைத் தாண்டுவார்கள் என்பது அக்காலக் கணக்கு.

வானம் செய்தது பாதி. மீதியை அரசாங்கம் செய்தது. 1877 ஜனவரி 1-ல் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்க டெல்லியில் வைஸ்ராய் லிட்டன் தர்பார் நடத்திக்கொண்டிருந்தார். துறைமுகங்களில் தானியம் கப்பலேறுவது நிற்கவில்லை. வியாபாரத்தில் அரசு கை வைக்கக் கூடாது என்பது அவர்களுக்கு வேதம். சென்னை மாகாணம் நிவாரணத்துக்கு அதிகம் செலவழிக்கிறது என்று சொல்லி, செலவைக் குறைக்க சர் ரிச்சர்ட் டெம்பிளை அனுப்பினார்கள். இவர் 1874-ல் பீகார் பஞ்சத்தில் பர்மா அரிசியை வரவழைத்து உயிர்களைக் காத்தவர். அதற்காக வீண்செலவுக்காரர் என்று பேர் வாங்கினார். அந்தப் பேரைக் கழுவ அவருக்குச் சென்னை மாகாணம் கிடைத்தது. (பதவி உயர்வுக்கும் பட்டினிக்கும் உள்ள தொடர்பு பற்றித் தனியாகவே எழுதலாம்.)

டெம்பிள் வைத்த கூலி, நாள் முழுக்க மண் வெட்டும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் அரை அணாவும். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதிலும் குறைத்தார்கள். மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், இந்தப் படியில் வேலை செய்பவன் உடம்பு கரைந்து சாவான் என்று முகாம்களில் ஆட்களை எடை போட்டுக் காட்டி எதிர்த்தார். சில மாதங்களில் கூலியை ஏற்ற வேண்டி வந்தது. அதற்குள் போன உயிர் போனதுதான்.

கூலியைவிடக் கொடுமையான ஒரு விதியும் இருந்தது. தூரப் பரீட்சை. வேலை செய்யக்கூடியவருக்கு வீட்டுக்குப் பத்து மைலுக்குள் நிவாரண வேலை கொடுக்கக் கூடாது. உண்மையிலேயே பசிக்கிறவன்தான் அவ்வளவு தூரம் நடந்து வருவான் என்பது அதன் கணக்கு. ஒதுக்குப்புற ஊரில் இரண்டு மாதமாகக் கீரையும் கிழங்கும் தின்று கிடந்தவர் பத்து மைல் நடக்க முடியுமா என்று யாரும் கேட்கவில்லை. நடக்க முடிந்தவர் முகாமுக்குப் போனார். முடியாதவருக்கு ஊரிலேயே இலவசப் படி தரலாம் என்று ஒரு வழி இருந்தது. அதற்கு யார் தகுதி என்று எழுதிக் கொடுக்க வேண்டியவர்கள் கிராம முன்சீப்பும் கணக்குப்பிள்ளையும். அவர்கள் வீடு ஊரில் இருந்தது. சேரி ஊருக்கு வெளியே இருந்தது.

நிலவரித் தள்ளுபடி கொடுத்தார்கள், மறுக்கவில்லை. வரி கட்டுகிறவனுக்குத்தானே தள்ளுபடி? பட்டாவே இல்லாதவனுக்குத் தள்ளுபடி செய்ய என்ன இருக்கிறது? பஞ்சம் முடிந்தபின் அமைந்த கமிஷன் 1880-ல் அறிக்கை கொடுத்தது. பஞ்சத்தில் முதலில் விழுவது நிலமற்ற விவசாயக் கூலிகள்தான் என்பதை அதுவும் ஒப்புக்கொண்டது. அதிலிருந்து பஞ்சச் சட்டத் தொகுப்புகள் பிறந்தன. இன்றைய பேரிடர் நிவாரணக் கையேடுகளின் பாட்டன் முப்பாட்டன் அவை. எத்தனை அங்குல மழை குறைந்தால் என்ன செய்ய வேண்டும், வேலையிடத்தை எங்கே வைக்க வேண்டும், யாருக்கு எவ்வளவு படி என்று எல்லாம் வந்தது. ஏன் அதே ஆட்கள் ஒவ்வொரு முறையும் முதலில் விழுகிறார்கள் என்ற கேள்வி மட்டும் தொகுப்பில் வரவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியவர் திரமென்ஹீர். 1891-ல் அவர் செங்கல்பட்டு கலெக்டர். மறுபடியும் மழை சரியில்லாத காலம். 1891–92-ல் மாகாணத்தின் பல மாவட்டங்களில் தட்டுப்பாடு தலைகாட்டியது. வண்டியும் குதிரையும் போகும் சாலையோரத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் சேரிகளின் நிலையை விசாரித்து, செங்கல்பட்டுப் பறையர்கள் பற்றி ஒரு நீண்ட குறிப்பு எழுதி வருவாய் வாரியத்துக்கு அனுப்பினார். உண்பது, உடுப்பது, குடிசை, கடன், கூலி, கிணறு, பள்ளி என்று எல்லாவற்றையும் தொட்ட குறிப்பு அது.

அவர் அவிழ்த்துக் காட்டிய முதல் முடிச்சு, குடியிருக்கும் மண். செங்கல்பட்டில் மிராசு முறை இருந்தது. ஊரின் நிலம் மொத்தமும் சில மிராசுதார் குடும்பங்களின் பிடியில். சேரிக் குடிசைகள் நின்ற மனையும் தங்களுடையது என்று அவர்கள் உரிமை கொண்டாடினார்கள். கூலி உயர்த்திக் கேட்டாலோ வேறு ஆளிடம் வேலைக்குப் போனாலோ குடிசையைக் காலி செய் என்று சொன்னால் போதும். எதிர்த்துப் பேச வாய் எழாது. காலடி மண் அடுத்தவனுடையதாக இருக்கும்போது எந்தச் சட்டம் வந்து என்ன பயன் என்பதுதான் அவர் அரசுக்கு வைத்த விஷயம்.

அடுத்தது தரிசு நிலம். தரிசைக் கேட்டு எவரும் விண்ணப்பம் போடலாம் என்று விதியில் இருந்தது. தர்காஸ்து என்பார்கள். சேரியிலிருந்து ஒருவர் துணிந்து விண்ணப்பம் கொடுத்தால் அது ஊரில் அறிவிப்பாக வரும். மிராசுதாருக்கு முன்னுரிமை. உடனே அவர் எனக்கு வேண்டும் என்பார். நிலம் அவருக்குப் போகும். வாங்கியபின் அதை அவர் உழ வேண்டும் என்றுகூட இல்லை. சும்மா போட்டு வைத்தாலும் சரி, சேரிக்காரன் கையில் போகாமல் இருந்தால் சரி. அவன் சொந்தமாக ஒரு காணி உழ ஆரம்பித்தால் இவர் வயலுக்குக் குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்காதே. காகிதத்தில் எல்லாருக்கும் பொதுவான ஒரு விதி, நடப்பில் ஒரு கூட்டத்தையே நிலத்திலிருந்து விலக்கி வைக்கும் பூட்டாக எப்படி வேலை செய்தது என்பதை ஒரு கலெக்டரே படிப்படியாக எழுதினார் என்பதால்தான் அந்தக் குறிப்புக்கு இத்தனை மதிப்பு.

மூன்றாவது, கடன். அடிமை முறையை 1843-ல் சட்டம் கைவிட்டது, பின்னால் வந்த தண்டனைச் சட்டம் குற்றமாக்கியது. திரமென்ஹீர் பார்த்ததோ படியாட்கள். கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய சில ரூபாய்க்கு ஒருவர் தன் உழைப்பையே எழுதிக் கொடுத்துவிடுவார். கூலி, உயிர் நிற்கும் அளவுக்குத்தான் இருக்கும். கடன் அடையாது. அப்பனுக்குப் பிறகு மகன். பஞ்சம் வந்தால் நிலைமை இன்னும் விசித்திரமாகிவிடும். மிராசுதாருக்கு வேலையில்லாதபோது படியாளுக்குப் படியும் இல்லை, ஆனால் கடன் மட்டும் அப்படியே இருக்கும். கட்டிப்போட்டு வைத்தவனுக்குச் சோறு போடும் கடமைகூட இல்லாத அடிமைத்தனம். பஞ்சத்துக்குப் பின் வடஆர்க்காட்டிலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் நேட்டாலுக்கும் மொரீஷியசுக்கும் பர்மாவுக்கும் கப்பலேறியவர்களில் பெரும் பங்கு யார் என்று யோசித்தால், கடல் தாண்டியது எதற்கு என்று விளங்கும்.

ஆகவே அவர் கேட்டது கஞ்சித்தொட்டி இல்லை. குடிமனை அவர்களுக்கே சொந்தமாக வேண்டும், தரிசை அவர்களுக்கென ஒதுக்க வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும், படியாள் ஒப்பந்தங்களை அரசு கட்டுப்படுத்த வேண்டும். அடுத்த பஞ்சம் வரும்போது இவர்கள் நிவாரண வரிசையில் நிற்க வேண்டிய தேவையே குறைய வேண்டும் என்றால் இவை வேண்டும்.

வருவாய் வாரியத்துக்கு இது பிடிக்கவில்லை. நிலைமை இவ்வளவு மோசமில்லை, கலெக்டர் மிகைப்படுத்துகிறார், ஊர் வழக்கத்தில் தலையிட்டால் மிராசுதார்களின் பகை வரும் என்ற தொனியில்தான் அதன் எதிர்வினை இருந்தது. கிராமத்தை நேரில் பார்த்தவன் எழுதியதை, பார்க்காதவர்கள் சென்னையில் உட்கார்ந்து திருத்தினார்கள். நம் காலத்துச் சேத மதிப்பீட்டு அறிக்கைகளைப் பின்தொடர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி பழகியதாகத்தான் தெரியும்.

அவர் தனி ஆளாகவும் இல்லை. செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆதாம் ஆண்ட்ரூ, திருவள்ளூர் பக்கம் வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடி போன்ற பாதிரிமார்கள் சேரி மக்களுக்காகத் தர்காஸ்து விண்ணப்பம் எழுதிக் கொடுத்து அலுவலகங்களில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆண்ட்ரூ பின்னால் மெல்ரோசாபுரம் என்ற குடியேற்றத்தையே ஏற்படுத்தினார். மக்களும் சும்மா இருக்கவில்லை. அதே 1891-ல் அயோத்திதாசர் நீலகிரியில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டினார். 1893-ல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். வெள்ளைக்காரன் இரக்கப்பட்டுக் கொடுத்தான் என்று இன்று சிலர் மேடையில் சொல்வது அரைகுறைப் பேச்சு. கீழிருந்து நெருக்கினார்கள், பக்கத்திலிருந்து நெருக்கினார்கள், உள்ளேயிருந்து ஒரு அதிகாரி கதவைத் திறந்தார்.

1892 செப்டம்பர் 30-ல் அரசாணை வந்தது. வருவாய்த் துறை எண் 1010. குடிமனை விஷயத்தில் அரசு தயங்கியது, படியாள் விஷயத்தில் இன்னும் தயங்கியது. தரிசு நிலத்தை ஒதுக்குவது மட்டும் உருப்படியாக வந்தது. நிபந்தனைகள் இவை: பத்து ஆண்டுகளுக்கு நிலத்தை விற்கவோ, குத்தகைக்கு விடவோ, தானம் செய்யவோ கூடாது. அதன்பிறகு விற்றாலும் அதே ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத்தான் விற்கலாம். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், வாங்கியவருக்கு நஷ்டஈடு கிடையாது. பஞ்சமி நிலம், டி.சி. நிலம், நிபந்தனைப் பட்டா என்று நாம் சொல்வதெல்லாம் இதன் வழி வந்தவை. அடுத்த நாற்பது ஆண்டுகளில் மாகாணம் முழுக்க சுமார் 12 லட்சம் ஏக்கர் இப்படிப் போனதாகக் கணக்கு சொல்கிறார்கள்.

அந்த நிலத்தில் பெரும்பகுதி இன்று யார் கையில் என்பது ஊரறிந்த கதை. வறட்சி வந்த ஆண்டில் விதைக்குக் கடன், மகள் கல்யாணத்துக்குக் கடன், கைநாட்டு. பத்து ஆண்டு நிபந்தனையை எழுதியவர்கள் பத்து ஆண்டில் எத்தனை முறை மழை தவறும் என்று எண்ணிப் பார்க்கவில்லை. நிலம் கொடுத்தார்கள், கிணறு கொடுக்கவில்லை. ஏரு மாடு கொடுக்கவில்லை. வானம் பார்த்த மேட்டு நிலமாகப் பார்த்துக் கொடுத்தார்கள். அதனால் நிலத்தைப் பறிகொடுத்தவர்களின் சோம்பலைக் குறை சொல்வோரிடம் எனக்குப் பேச எதுவுமில்லை. ஒவ்வொரு இயற்கைச் சீற்றமும் கொஞ்சம் பஞ்சமி நிலத்தைத் தின்றது என்றுதான் நான் சொல்வேன்.

திரமென்ஹீர் 1912-ல் காலமானார். அவர் கேட்டு மறுக்கப்பட்ட குடிமனைக்கு வழி பிறக்க இன்னும் சில ஆண்டு ஆயிற்று. 1920-ஐ ஒட்டி லேபர் கமிஷனர் பதவி வந்தது. பாடிசன் என்ற அதிகாரி அதில் அமர்ந்தார். சேரிகளுக்கு மனை எடுத்துக் கொடுக்கும் வேலை தொடங்கியது. மனையின் விலையை மக்களே தவணையில் கட்ட வேண்டும் என்ற ஏற்பாடும் அதில் இருந்தது! இன்றைய ஆதிதிராவிடர் நலத்துறையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அவரைத் தெய்வமாக்க வேண்டாம். காலனி ஆட்சியின் அதிகாரி. வரி வசூலும் ஒழுங்கும் அவர் உத்தியோகம். சேரிக்காரன் சொந்த நிலத்தில் உழுதால் அரசுக்கும் வரி கூடும் என்ற கணக்கு அந்த நிர்வாகத்தில் இல்லாமல் இருக்காது. இருந்தும் ஒன்றில் அவர் மற்றவர்களிடமிருந்து விலகி நிற்கிறார். பஞ்சத்தை மழைக் கணக்காக மட்டும் பார்க்காமல், ஊரின் நில ஏட்டைத் திறந்து அதில் யார் பெயர் இல்லை என்று பார்த்தார். நூறு ஆண்டு கழித்து அந்த நில ஏட்டைக் கேட்டுத்தான் காரணையில் மக்கள் திரண்டார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில், அவர் கலெக்டராக இருந்த அதே மாவட்டத்தில், பஞ்சமி நில மீட்புக்காகக் கூடியவர்கள்மீது போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் இறந்தார்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமியிலும் இதே கதைதான். நாகப்பட்டினக் கரையில் படகு இழந்தவருக்கு நிவாரணம் வந்தது, வர வேண்டியதுதான். மீன் சுமந்தும் உப்பளத்தில் கூலி செய்தும் பிழைத்த தலித் குடும்பங்களிடம் படகு இல்லை, இழந்ததற்குக் கணக்கும் இல்லை. முகாம்களில் தனியாக ஒதுக்கப்பட்டதையும் தண்ணீர்த் தொட்டியிலிருந்து விலக்கப்பட்டதையும் மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன.

நம் மாவட்டத்துக்கு வருவோம். வெள்ளம் வந்தால் சேதக் கணக்கு எப்படி எடுக்கப்படுகிறது? வி.ஏ.ஓ. அடங்கலைப் பார்க்கிறார். எந்த சர்வே எண்ணில் என்ன பயிர், யார் பெயரில் பட்டா. வேளாண்மைத் துறை ஆளும் அவரும் சேர்ந்து வயலைப் பார்த்து, சேதம் 33 சதவீதத்துக்கு மேலா என்று எழுதுகிறார்கள். பணம் வங்கிக் கணக்குக்குப் போகிறது. வாய்ப்பேச்சாகக் குத்தகைக்கு எடுத்து உழுதவருக்கு, நிலக்காரர் மனசு வைத்துக் கையெழுத்துப் போட்டால் உண்டு. கூலிக்குப் போனவர் இந்த ஏட்டில் எங்குமே இல்லை. குடிசைக்கு 10,000 என்றால், குடிசை எந்த மண்ணில் நிற்கிறது என்ற கேள்வி வந்து நிற்கும். காலனிகள் பலவும் பள்ளத்தில், ஏரியின் உபரித் தண்ணீர் போகும் வழியில், ஓடைக்கரையில் இருப்பது தற்செயலா? மேட்டு நிலத்தில் இடம் கொடுத்தார்களா? தலைமுறைகளாக அங்கே தள்ளிவிட்டு, தண்ணீர் வந்தபிறகு நீர்நிலை ஆக்கிரமிப்பு என்று பெயர் வைப்பது எளிது. ஜவ்வாது மலையில் பழங்குடியினருக்கு இதே வினை வேறு உருவத்தில் வருகிறது. அங்கே காட்டுத்துறை எல்லை, அறுந்த சாலை, வந்து பார்க்கவே ஆள் ஏறாத தூரம். தூரப் பரீட்சையை விதிப் புத்தகத்திலிருந்து எடுத்தாயிற்று. மலையிலிருந்தும் ஆற்றின் அக்கரையிலிருந்தும் இறங்கி வந்து தாலுகா ஆபீசில் மனுக் கொடுப்பவர்தான் இன்னமும் அந்தப் பரீட்சையை எழுதிக்கொண்டிருக்கிறார்.

2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டப்பேரவையில், காலனி என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. சொல் போனபின் அந்த மனைக்கு உரிய பட்டாவும் அதே ஆவணத்தில் ஏறினால் அறிவிப்பு முழுமை பெறும்.

செய்யக்கூடியது ஒன்றும் பெரிய மந்திரமில்லை. பயிர்ச் சேதப் படிவத்தில், அந்த வயலை நம்பிய கூலிக் குடும்பங்களுக்கு ஒரு பத்தி சேர்க்கலாம். நூறு நாள் வேலை அட்டைகள் ஊராட்சி அலுவலகத்தில் இருக்கின்றன. யார் கூலிக்குப் போகிறவர் என்று தேடி அலைய வேண்டியதில்லை. சேதக் கணக்கெடுப்பைச் சாலையோரத்தில் தொடங்காமல் கடைசிக் குடியிருப்பில் தொடங்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை போதும். அணை திறக்கும் எச்சரிக்கை ஊர்க் கோயில் ஒலிபெருக்கியோடு நிற்காமல் ஆற்றோரக் குடியிருப்புக்குள் போய்ச் சேர்ந்ததா என்று யாராவது ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும்.

பஞ்சமி நிலத்தைப் பொறுத்தவரை நிபந்தனை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அதை மீறிய விற்பனை எத்தனை கைமாறினாலும் செல்லாது என்பதே அதன் அடிப்படை. உங்கள் ஊரில் எந்த நிலம் அப்படி ஒதுக்கப்பட்டது என்று தெரிந்துகொள்ள விரும்புவோர், கிராமத்தின் ஏ பதிவேட்டில் அந்த சர்வே எண்ணுக்கு எதிரே என்ன குறிப்பு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பழைய பதிவேடு, பிற்கால நில உடைமை மேம்பாட்டுத் திட்டப் பதிவேடு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. குறிப்பு ஒன்றில் இருந்து மற்றொன்றில் காணாமல் போவதும் உண்டு. தாலுகா அலுவலகத்தில் நகல் கேட்டுத் தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பிக்கலாம். 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். நகலோடு திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். மனுவுக்கு எண் போட்டு ஒப்புகைச் சீட்டு தருவார்கள், அதைத் தொலைக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.